கொப்பியில் ஏறாத வருத்தம்

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கோ மந்திகைக்கோ தெல்லிப்பழைக்கோ மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிறவர்களின் கையில் ஒரு கொப்பி இருக்கும். பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு, எந்தக் குளிசை காலையில், எந்தக் குளிசை இரவில் என்பதெல்லாம் அதில் ஏறிவிடும். அந்த மனிதர் இரவில் எப்படி மூச்சு விடுகிறார் என்பது மட்டும் பெரும்பாலும் ஏறுவதில்லை. வைத்தியருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள். வெளியே நீண்ட வரிசை. குறட்டையை ஒரு வருத்தமாக எண்ணிச் சொல்பவர்களும் குறைவு. குறட்டை விடுகிறவருக்கு அது தெரியாது. தெரிந்த மனைவி வீட்டில் இருக்கிறார். மனைவிக்கே குறட்டை என்றால் அதை வெளியில் சொல்லக் கூச்சம். இப்படியே பத்துப் பதினைந்து வருடங்கள் போய்விடுகின்றன.

எல்லாக் குறட்டையும் நோயல்ல. தடிமன் பிடித்த நாட்களிலும், தோட்டத்தில் நின்று களைத்து வந்து படுத்த இரவிலும் வருகிற குறட்டை தானாகவே போய்விடும். பயப்பட வேண்டிய குறட்டைக்கு ஒரு தனி ஒழுங்கு உண்டு. பலத்த சத்தம் ஏறிக்கொண்டே போகும், திடீரென்று அடங்கும். அப்போது கவனித்துப் பார்த்தால் நெஞ்சும் வயிறும் அசைந்துகொண்டிருக்கும், மூக்கிலும் வாயிலும் காற்று இராது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலரில் ஒரு நிமிடம்கூட இது நீளும். பிறகு பெரிய திணறலோடு மூச்சு வரும். ஆள் புரண்டு படுப்பார், குறட்டை மறுபடி தொடங்கும். விடிந்ததும் கேட்டால் நன்றாக நித்திரை கொண்டதாகவே சொல்வார். இதுதான் நித்திரை மூச்சுத்தடை.

ஏன் இப்படி நடக்கிறது என்பது செம்மண் தோட்டக்காரர்களுக்குச் சுலபமாக விளங்கும். கிணற்றில் பம்ப் வைத்து நீர் இறைக்கும்போது, நீரை உறிஞ்சும் பக்கத்துக்கு விறைப்பான குழாய்தான் போடுவார்கள். வாய்க்காலுக்கு நீரைத் தள்ளும் பக்கத்துக்கு மெல்லிய மடக்குக் குழாய் போதும். மெல்லிய குழாயை உறிஞ்சும் பக்கத்தில் பூட்டினால் அது ஒட்டிப்போகும். பம்ப் எவ்வளவு பலமாக இழுக்கிறதோ அவ்வளவு இறுக ஒட்டும். நம் தொண்டை, உறிஞ்சும் பக்கத்தில் பூட்டிய மெல்லிய குழாய். மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரைக்கும் அதைத் தாங்கிப் பிடிக்க எலும்போ குருத்தெலும்போ இல்லை. சுற்றியுள்ள தசைகள்தான் அதை விரித்து வைத்திருக்கின்றன. விழித்திருக்கும்போது மூளை அந்தத் தசைகளை இறுக்கி வைத்திருக்கும். நித்திரையில் அவை தளரும், நாக்கு பின்னால் சரியும். வழி ஒடுங்கினால் மென்னண்ணமும் உண்ணாக்கும் அதிர்ந்து குறட்டை கேட்கும். வழி முழுவதும் அடைத்தால் குறட்டையும் இல்லை, மூச்சும் இல்லை.

அடைத்த வழியைத் திறக்க உடலுக்குத் தெரிந்த உபாயம் ஒன்றே: மூளையை அரைகுறையாக எழுப்புவது. இரத்தத்தில் ஒட்சிசன் குறையக் குறைய அபாய மணி அடிக்கும், அட்ரினலின் பாயும், தசைகள் இறுகி வழி திறக்கும். இதை ஆள் அறியமாட்டார். ஒரு மணித்தியாலத்தில் ஐந்து தடவைக்கு மேல் இப்படி நடந்தால் நோய் எனக் கொள்கிறார்கள். பதினைந்துக்கு மேல் என்றால் நடுத்தரம், முப்பதுக்கு மேல் என்றால் கடுமை. முப்பது தடவை என்பது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு முட்டி எழும்புவது. விடிய எழும்பும்போது தலையிடியும் வறண்ட வாயும், மத்தியானம் கதிரையில் இருந்தபடியே கண் சொருகுவதும், சிறு விடயத்துக்கும் எரிச்சலும் இதனால்தான். இரவில் குறைந்திருக்க வேண்டிய இரத்த அழுத்தம், இரவெல்லாம் அடித்த அட்ரினலினால் ஏறியே நிற்கும். மூன்று வகைக் குளிசை போட்டும் பிரஷர் இறங்காதவர்களில் பலருக்கு இந்த மூச்சுத்தடை இருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை, நீரிழிவு ஆகியவற்றோடும் இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

சலத்துக்கு இரவில் மூன்று நான்கு முறை எழும்புவதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சீனி வருத்தம் பெருகிய நம் ஊரில் அதற்கு உடனே சீனியைக் குற்றம் சொல்வோம். வயது போன ஆண் என்றால் புரஸ்டேட் சுரப்பியைச் சொல்வோம். ஆனால் மூச்சுத்தடையும் இதற்குக் காரணமாகலாம். அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு மூச்சை இழுக்கும்போது நெஞ்சறைக்குள் அமுக்கம் குறைந்து இதயத்தின் மேலறைகள் இழுபடுகின்றன. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று இதயம் எண்ணி, சலத்தைப் பெருக்கும் ஒரு ஓமோனைச் சுரக்கிறது. சீனி கட்டுப்பாட்டில் இருந்தும் இரவு எழும்புதல் நிற்காதவர்கள் குறட்டையைப் பற்றியும் வைத்தியரிடம் கட்டாயம் கதைக்கவேண்டும்.

2019இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கணிப்பின்படி உலகில் 30 முதல் 69 வயது வரையானவர்களில் ஏறத்தாழ 93 கோடியே 60 இலட்சம் பேருக்கு இந்த நோய் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. பருத்த கழுத்து முக்கிய அடையாளம். ரொறன்ரோவில் மயக்கமருந்து நிபுணர் பிரான்சிஸ் சங் 2008இல் வெளியிட்ட எட்டுக் கேள்விப் பட்டியல் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. பலத்த குறட்டையா, பகலில் களைப்பா, மூச்சு நிற்பதை யாராவது கண்டார்களா, பிரஷர் உண்டா, உடல் நிறைச் சுட்டெண் 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா, ஆணா என்பவையே அந்த எட்டும். மூன்றுக்கு ஆம் என்றால் சந்தேகப்பட வேண்டும். ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சேட்டுக் கொலர் 16 அங்குலம் கேட்பவருக்குக் கழுத்துக் கேள்வியின் விடை முன்னமே தெரியும். சத்திரசிகிச்சைக்கு முன் ஆபத்தானவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பட்டியலை உருவாக்கினார்கள். ஆகவே எந்த ஒப்பரேஷனுக்குப் போனாலும், மூச்சு நிற்கும் குறட்டை இருந்தால் மயக்கமருந்து வைத்தியருக்கு அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பட்டியலில் நம்மவர்களுக்குப் பொருந்தாத ஓர் எண் உண்டு: உடல் நிறைச் சுட்டெண் 35. தெற்காசியர்களுக்கு, வெள்ளையரைவிடக் குறைந்த நிறையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே ஆபத்து கூடுகிறது, 27.5இல் அது அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எழுதியது. 35ஐ எட்டாமலே நம் ஊரில் ஒருவர் கடுமையான மூச்சுத்தடையோடு இருக்கலாம். தாடை சிறுத்துப் பின்வாங்கியிருந்தால் மெலிந்தவருக்கும் வரும். மாதவிடாய் நின்றபின் பெண்களிலும் வேகமாகக் கூடுகிறது. அவர்களிடம் குறட்டையைவிட ஓயாத களைப்பும் நித்திரையின்மையுமே முன்னுக்கு நிற்பதால், மனக்கவலை என்று தீர்மானித்து நித்திரைக் குளிசை கொடுத்துவிடுகிறார்கள். இது பெரும் கேடு. நித்திரைக் குளிசைகளில் பல தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும், எழுப்பும் மணியையும் மந்தமாக்கும். படுக்கப்போகுமுன் குடிக்கும் கள்ளும் சாராயமும் இதையே செய்கின்றன.

பரிசோதனை ஒருநாள் இரவு நித்திரையைப் பதிவு செய்வதுதான். முழுப் பரிசோதனையில் மூளை அலை, கண் அசைவு, இதயத் துடிப்பு, மூச்சு, ஒட்சிசன் எல்லாவற்றையும் ஆய்வுகூடத்தில் அளப்பார்கள். மூக்கடியில் ஒரு சிறு குழாய், நெஞ்சில் ஒரு பட்டி, விரலில் ஒரு கருவி என்று வீட்டிலேயே செய்யும் எளிய வகையும் உண்டு. சந்தேகம் பலமாக உள்ள பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல் மானியைப் பகலில் மாட்டி, 98 காட்டுகிறது என்று நிம்மதியடைவதில் பயனில்லை. விழித்திருக்கும்போது இந்த நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு அளவு வழமையாகவே காட்டும்.

சிகிச்சையின் கதை சிட்னியில் தொடங்குகிறது. 1980 வரைக்கும் கடுமையான மூச்சுத்தடைக்கு நிச்சயமான வைத்தியம் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது ஒன்றுதான். அந்த வருடம் யூன் மாதம் கொலின் சலிவன் என்ற வைத்தியர், துளையிட மறுத்த ஒரு நோயாளியின் மூக்கில் மூடியைப் பொருத்தி, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பி வைத்துக் காற்றை உள்ளே செலுத்தினார். காற்றமுக்கம் ஏற ஏறத் தொண்டை திறந்தது. நோயாளி இரவு முழுவதும் ஆழ்ந்து உறங்கினார். ஐந்து நோயாளிகளின் விபரத்தோடு 1981 ஏப்ரலில் லான்செட்டில் கட்டுரை வந்தது. இன்று சீபாப் என்று சொல்லும் இயந்திரம் அதுதான். உறிஞ்சும் பக்கத்தில் இருந்த தொண்டையை அது தள்ளும் பக்கத்துக்கு மாற்றிவிடுகிறது. அதற்கு வேண்டிய அமுக்கமும் சிறியதே: பலருக்குப் பத்துச் சென்ரிமீற்றர் உயர நீர் தரும் அமுக்கம் போதும். நடுத்தர, கடுமையான நோய்க்கு இதைவிட உறுதியாக வேலை செய்யும் சிகிச்சை இன்றும் இல்லை. குறட்டை முதல் இரவிலேயே நிற்கிறது. பலருக்குச் சில நாட்களில் பகல் தூக்கம் போகிறது.

அணிந்தால்தான் அது வேலை செய்யும். இதுதான் இந்தச் சிகிச்சையின் பலவீனம். மூக்கு அடைப்பு, முகமூடி கசிதல், வாய் வறளுதல், மூடிய உணர்வால் வரும் பயம் என்று பலர் முதல் மாதத்திலேயே கழற்றி வைத்துவிடுகிறார்கள். 2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்த ஏறத்தாழ 2,700 பேரை அவுஸ்திரேலியா, சீனா, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் தொடர்ந்து பார்த்தார்கள். இயந்திரம் பெற்றவர்களுக்கு நித்திரையும் மனநிலையும் நன்றாகின. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் அதை அணிந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலம் மட்டுமே. அந்த ஆய்வு நோயாளிக்கு என்ன சொல்கிறது? மாரடைப்பிலிருந்து இந்த இயந்திரம் நிச்சயம் காப்பாற்றும் என்று யாராவது வாக்களித்தால் நம்பவேண்டாம்; பாதி இரவில் கழற்றிவிட்டு முழுப் பலனை எதிர்பார்க்கவும் வேண்டாம். முதல் இரண்டு வாரம்தான் கடினம். பகலில் விழித்திருக்கும்போதே அரைமணி நேரம் அணிந்து பழகுவதும், முகத்துக்குச் சரியான அளவு மூடியைத் தேடி எடுப்பதும், பீனிசம் உள்ளவர்கள் அதற்கு முதலில் மருந்து எடுப்பதும் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

யாழ்ப்பாணத்தில் இந்த இயந்திரத்தோடு வாழ்வதற்குச் சில தனிக் கஷ்டங்கள் உண்டு. முதலாவது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்போது ரூபாவும் சரிந்து, இறக்குமதியாகும் எந்த மருத்துவக் கருவியின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. பல இயந்திரங்கள் 12 வோல்ற் பற்றரியில் ஓடக்கூடியவை. ஈரமூட்டும் பகுதியை நிறுத்திவைத்தால் மின்தேவை வெகுவாகக் குறையும். வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்கவேண்டும். இரண்டாவது தண்ணீர். நம் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கல்லே அதற்குச் சாட்சி. அதை ஈரமூட்டும் தொட்டிக்குள் ஊற்றினால் அங்கும் கல் படியும். காய்ச்சி வடித்த நீரே ஊற்றவேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டுப் பொதிகளில் வரும் பழைய இயந்திரங்கள். கனடாவில் ஒன்ராறியோ மாகாண அரசு இந்த இயந்திரத்துக்கான தொகையில் 75 வீதத்தைத் தருகிறது; இங்கிலாந்தில் அரச மருத்துவ சேவை இலவசமாகவே கொடுத்துவைக்கிறது. அங்குள்ள உறவினர் புதிய இயந்திரத்துக்கு மாறும்போது பழையதை ஊருக்கு அனுப்ப நினைப்பது அன்பினால்தான். ஆனால் அதில் உள்ள அமுக்க அளவு அவருடைய தொண்டைக்கு வைத்தது, உங்களுடையதற்கு அல்ல. 2021 யூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம், சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு சிதைந்து துகள்கள் மூச்சுக்குள் போகக்கூடும் என்பதால், உலகெங்கும் பல இலட்சம் இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. அந்தக் காலத்துக்கு முந்திய ட்ரீம்ஸ்ரேஷன் வகை ஒன்று கைக்கு வந்தால், தொடர் இலக்கத்தைப் பார்த்துத் திரும்பப்பெறும் பட்டியலில் உள்ளதா என்று உறுதிசெய்யாமல் மாட்டக் கூடாது. ஊரில் இருப்பவருக்கு உதவ விரும்பும் பிள்ளைகள், பரிசோதனைச் செலவையும் ஒரு புதிய மூடியின் விலையையும் அனுப்பினால் அதுவே பெரிய உதவி.

இயந்திரத்தோடு சேர்ந்தோ அதற்கு மாற்றாகவோ செய்யக்கூடியவற்றில் முதன்மையானது நிறையைக் குறைப்பது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பல வருடங்கள் மக்களைத் தொடர்ந்து பார்த்ததில், நிறை பத்து வீதம் கூடினால் மூச்சுத்தடை எண் 32 வீதம் ஏறியது. பத்து வீதம் குறைந்தால் 26 வீதம் இறங்கியது. எண்பது கிலோ உள்ளவர் எட்டுக் கிலோ குறைப்பது என்றால், இரவில் புட்டும் இடியப்பமும் குவித்துச் சாப்பிடும் வழக்கத்தைத் தொடவேண்டியிருக்கும். கடினம்தான், செலவில்லாதது. 2024 டிசெம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் டிர்செபடைட் என்ற வாராந்த ஊசியை, உடற்பருமனோடு கூடிய நடுத்தர, கடுமையான மூச்சுத்தடைக்கு அங்கீகரித்தது. இந்த நோய்க்கென்று அங்கு அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து அது. ஆய்வுகளில் ஒரு வருடத்தின் பின் மணிக்கு 25 முதல் 29 தடவை வரை தடைகள் குறைந்தன. ஊசியை நிறுத்தினால் நிறை திரும்பிவரும், விலையும் பெரிது, வைத்தியர் பார்க்காமல் போடவே கூடாது.

மல்லாந்து படுக்கும்போதுதான் நாக்கு மிகப் பின்னால் விழுகிறது. லேசான நோயுள்ள பலருக்குச் சரிந்து படுப்பதே பெரும் பகுதி சிகிச்சை. பெனியனின் முதுகில் ஒரு பந்தைத் தைத்துக்கொள்வது பழைய உபாயம். லேசான, நடுத்தர நோய்க்குப் பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்யும் கருவி ஒன்று உண்டு. அது கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடித்து நாக்கின் பின்னே இடம் உண்டாக்குகிறது. இயந்திரத்தைவிடப் பலம் குறைவு, ஆனால் பலர் விடாமல் பாவிக்கிறார்கள். பல் இல்லாதவர்களுக்கு அது பிடித்து நிற்காது.

அண்ணத்தையும் உண்ணாக்கையும் வெட்டும் சத்திரசிகிச்சையை 1981இல் புஜிற்றா என்ற வைத்தியர் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார். 1996இல் செய்த ஒரு தொகுப்பாய்வில் பாதிக்கும் குறைவானவர்களே அதனால் குணமடைந்தது தெரிந்தது. குறட்டைச் சத்தம் போனபின்னும் அடைப்பு நீடிக்கலாம். அபாயத்தைக் காட்டிய அறிகுறியை மட்டும் வெட்டியதாகிவிடும். ஒரே நாளில் குறட்டையைத் தீர்த்துத் தருகிறேன் என்று பரிசோதனை செய்யாமல் கத்தி எடுக்கும் எவரிடமும் போகவேண்டாம் என்பேன். சிறுவர்களின் நிலை வேறு. துடியாட்டம், பாடத்தில் கவனமின்மை, பாயில் சலம் போதல் ஆகியவற்றோடு குறட்டையும் உள்ள பிள்ளையின் தொண்டையில் டொன்சில் வீங்கியிருக்கலாம். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில் டொன்சிலை அகற்றிய பிள்ளைகளில் 79 வீதத்தினரின் மூச்சு வழமைக்கு வந்தது. அகற்றாமல் காத்திருந்தவர்களிலும் 46 வீதத்தினர் ஏழு மாதத்தில் தாமாகவே தேறினர். யாருக்கு அவசரம், யாருக்குக் காத்திருக்கலாம் என்பதைக் காது, மூக்கு, தொண்டை நிபுணரே சொல்லவேண்டும்.

தொண்டைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கும் ஆய்வு உண்டு. சுவிற்சர்லாந்தில் 25 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட சிறு ஆய்வில், அவுஸ்திரேலியப் பழங்குடிகளின் டிட்ஜெரிடூ ஊதுகுழலை நான்கு மாதம் பழகியவர்களின் தடைகள் குறைந்தன. இரட்டை நாணல் வாத்தியம் ஊதுகிறவர்களுக்கு ஆபத்து குறைவு என 2012இல் வந்த ஒரு கருத்தாய்வு காட்டியது. சீவாளியில் ஊதும் நாதஸ்வரமும் அந்தக் குடும்பம்தான். இணுவிலிலும் அளவெட்டியிலும் அதை ஊதிப் பழகும் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல செய்தி. கடுமையான நோய்க்கு அதை நம்பி இயந்திரத்தைக் கைவிட முடியாது.

கடைசியாக, சாரதிகள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்களும் மரக்கறி லொறிகளும் ஏ-9 வீதியில் விடியும்வரை ஓடுகின்றன. மூச்சுத்தடை உள்ள சாரதிக்கு விபத்து ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். சிகிச்சை எடுத்தால் அந்த ஆபத்து இறங்குகிறது. பிரித்தானியாவில் பகல் தூக்கத்தோடு இந்த நோய் உள்ளவர் அனுமதிப்பத்திரத் திணைக்களத்துக்கு அறிவித்தே ஆகவேண்டும். நோய் கட்டுப்பட்டதும் திரும்ப ஓட்டலாம். இங்கே சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவச் சான்றிதழ் எடுக்கும் இடத்திலும் அந்த எட்டுக் கேள்விகளைக் கேட்கவேண்டும். தொழில் போய்விடும் என்ற பயத்தில் சாரதிகள் மறைக்காதபடி, சிகிச்சை எடுப்பவரை வேலையில் வைத்திருப்போம் என்று பஸ் உரிமையாளர்கள் முதலில் சொல்லவேண்டும். சாரதி ஒருவரின் மனைவியோ பிள்ளையோ இதை வாசித்தால், இன்றிரவு அவர் நித்திரையில் மூச்சு நிற்பதைக் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். அடுத்த கிளினிக்கில் அதை வைத்தியருக்குக் காட்டுங்கள்.